டீச்சர் வைத்த திருஷ்டிப் பொட்டு

என் மகள் ஒன்றாம் வகுப்பு முடித்த வருடம், மார்ச் மாதத்தில், எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்புக்குப் பைத்தியம் பிடித்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம், நாலாம் வகுப்பு வரைக்கும்தான். பிள்ளைகளில் பாதிப் பேர் மலையாளம் பேசும் வீட்டிலிருந்து வந்தவர்கள். மீதியில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள். டீச்சர் குரூப்பில் மலையாளத்தில் எழுதுவார். தமிழ் வீடுகளுக்கு மலையாளம் அரைகுறையாகப் பேச வரும், வாசிக்க வராது. அதனால் டீச்சர் எழுதியதை நான் தமிழில் பேசிப் பதிவு செய்து போட வேண்டும்.

இந்த வேலைக்கு என்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. நான் வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு செய்து பிழைப்பவன். பட்டப்பகலில் லுங்கியோடு கொச்சங்காடி முக்கில் நின்று சாயா குடிப்பதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். வேலைவெட்டி இல்லாத ஆள் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். குடை கொடுத்து அனுப்பவும், நகம் வெட்டி அனுப்பவும் என்று வருடம் முழுக்க என் குரலில் கேட்டுக் கேட்டு, தெருவில் என்னைப் பார்த்தாலே பிள்ளைகள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

டீச்சரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒல்லியான பெண், முப்பதைத் தாண்டியவர், எந்த வேலையைக் கொடுத்தாலும் கோடு போட்டு அட்டவணை எழுதிச் செய்கிற ரகம். பள்ளியில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் அவர்தான். இங்கே ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் வகுப்பு வகுப்பாகத் தலை எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஒரு டிவிஷனை, அதாவது ஒரு வகுப்புப் பிரிவை, எடுத்துவிடுவார்கள். டிவிஷன் போனால் கடைசியாக வந்த டீச்சரும் போக வேண்டியதுதான். முன்பு வேலை பார்த்த பள்ளியில் அவருக்கு அது நடந்தே இருந்தது. ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டு அந்த நாள் வராமல் போனதில் வேலை போயிற்று என்று எங்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். ஜூனில் இதே பிள்ளைகளோடு அவரும் இரண்டாம் வகுப்புக்குப் போக வேண்டும், எங்கள் வகுப்பின் எண்ணிக்கையும் விளிம்பில்தான் நின்றது. போதாக்குறைக்கு, புதிதாக வந்த ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் மஞ்சள் வேன் கொச்சங்காடி சந்துகளில் வட்டமிட ஆரம்பித்தது. அதைக் கண்ட நாளிலிருந்து டீச்சருக்குத் தூக்கம் இல்லை.

ஒரு பிள்ளையையும் விடக் கூடாது என்று அவர் ஒரு திட்டம் போட்டார். வருடக் கடைசிக்கு ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு படம், கூடவே நாலு வரிப் பாராட்டு. தினம் சில பிள்ளைகள் வீதம் குரூப்பில் போடுவது. பெற்றோர் மனம் குளிர்ந்து, ஜூனில் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து விடுவார்கள். கேட்டபோது எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. எங்கள் இரண்டு பேரின் அறிவும் அவ்வளவுதான்.

முதல் நாள் முதல் பிள்ளை, கோயில் நடையில் பூக்கடை போட்டிருக்கும் பூக்காரம்மாவின் மகன். பிள்ளைகள் படித்ததைப் பெற்றோர் முன்னால் செய்து காட்டுகிற வருடக் கடைசி விழாவில் அவன் மைக் பிடித்துப் பாடுகிற படம். இந்த வகுப்பின் குயில், வாசிப்பில் முதல்வன், முகத்தில் எப்போதும் ஒரு பிரகாசம் என்று டீச்சர் எழுதியிருந்தார். நானும் தமிழில் ஏற்ற இறக்கத்தோடு பேசினேன். பிரகாசம் என்ற சொல்லைக் கொஞ்சம் இழுத்தே விட்டேன்.

சாயங்காலம் பையனுக்குக் காய்ச்சல். பூக்காரம்மாவிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, அத அழிக்கச் சொல்லுங்கண்ணே."

"எதம்மா?"

"எம்புள்ளையப் பத்திப் போட்டதத்தான். குயிலாம், பிரகாசமாம். புள்ள கண்ணத் தொறக்க முடியாமக் கெடக்கான்."

"வெயில்ல ஓடியிருப்பான். மாங்கா ஏதாச்சும் தின்னானா?"

"தின்னான். தெனமும்தான் திங்கான். இன்னைக்கு மட்டும் ஏன் காயுது?"

 அவரிடம் ஆதாரம் வேறு இருந்தது. குரூப்பில் நாம் போட்ட செய்தியை யார் யார் எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று போனிலேயே பார்க்கலாம் அல்லவா? டீச்சரின் பாராட்டுக்குக் கீழே தான் போட்டிருந்த கும்பிடு கையைத் தன் மூத்த மகளை விட்டுத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். காய்ச்சல் அடிக்க ஆரம்பித்த நேரமும் ஒருத்தி பார்த்த நேரமும் பொருந்தி வந்துவிட்டன. "போனே காட்டிக் குடுக்குதுண்ணே, நான் என்ன இட்டுக்கட்டியா சொல்றேன்?" என்றார். கண் பட்டதை இத்தனை துல்லியமாக நிரூபித்தவர் வேறு யாரும் இருக்க முடியாது. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

டீச்சரிடம் சொன்னேன். அவர் பதறிப்போய் உடனே அழித்தார். அங்கேதான் விவகாரம் முற்றியது. படமும் பாராட்டும் என் குரலும் இருந்த இடத்தில், இந்தச் செய்தி அழிக்கப்பட்டது என்று மொட்டையாக ஒரு வரி நின்றது. அப்படி என்ன எழுதி அழித்தார் டீச்சர் என்று கேள்வி கிளம்பியது. பையன் யாரையோ கடித்துவிட்டான் என்றார் ஒருவர். இருட்டுவதற்குள் குரூப்பின் பேச்சில் பையன் பள்ளியை விட்டே நீக்கப்பட்டிருந்தான். அழித்த கொஞ்ச நேரத்தில் அவனுக்குக் காய்ச்சல் விட்டது. மாத்திரை கொடுத்திருந்தார்கள்தான். ஆனாலும் தமிழ் வீடுகளில் சந்தேகம் என்று ஏதாவது மிச்சம் இருந்தால் அதுவும் அத்தோடு தீர்ந்தது.

மறுநாள் டீச்சர் தோப்பும்படியில் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவரின் மகளைப் பற்றிப் போட்டார். கணக்கில் கெட்டி, எல்லோருக்கும் உதவுவாள், தங்கமான குணம். நான் பேசி முடித்த மறு நிமிடமே அப்பாவின் குரல் வந்தது. பின்னால் இரும்பு அறுக்கிற சத்தம்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. அவ ஒண்ணுக்கும் லாயக்கில்ல டீச்சர். பத்து வரைக்கும் எண்ணச் சொன்னா ஏழுலயே தூங்கிருவா. தங்கமெல்லாம் கெடையாது, தகரம்."

அடுத்து இன்னொரு வீடு. அவன் வாசிக்கிறானா, யார் சொன்னது, பேப்பரைத் தலைகீழாகப் பிடிக்கிறவன் டீச்சர் அவன். அதற்கடுத்த வீடு, எம்பொண்ணு அழகில்ல டீச்சர், போட்டோவுல அப்படி விழுந்துருச்சு. ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் தமிழ்ப் பெற்றோர் போட்டி போட்டுக்கொண்டு சொந்தப் பிள்ளைகளை மண்ணோடு மண்ணாக்கினார்கள். மலையாளத்து வீடுகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தன.

டீச்சர் என்னைப் போனில் அழைத்தார். அழுதுகொண்டிருந்தார். மலையாளத்தில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"சேட்டா, யாருக்கும் திருப்தி இல்லை, இல்லையா? பிள்ளைகளுக்கு நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றுதானே இப்படிப் பேசுகிறார்கள்? எல்லோரும் மஞ்சள் வேனில் ஏறிவிடுவார்கள். ஜூனில் நான் மறுபடியும் தெருவில்தான் நிற்பேன்."

"டீச்சரே, அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம். அதனாலதான் திட்டறாங்க."

 கண் படும், நாலு பேர் முன்னால் பிள்ளையைப் புகழ்ந்தால் ஆகாது, புகழ்ந்தால் பெற்றவர்கள் உடனே மறுத்தாக வேண்டும் என்று விளக்கினேன். "என் அம்மாவும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார், சேட்டா. ஆனால் வாட்ஸ்அப்புக்கெல்லாமா?" என்று கேட்டார். வாட்ஸ்அப்பில்தானே கண்கள் அதிகம் என்றேன். கைக்குழந்தைக்குப் பவுடர் பூசி அலங்கரித்துவிட்டுக் கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைக்கிறோமே, அதைப்போல நாலு நல்லது எழுதினால் ஒரு கெட்டது எழுதிவிடுங்கள் என்று யோசனை சொன்னேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். கோடு போட்டு வேலை செய்கிறவரிடம் விளையாட்டாகப் பேசக் கூடாது.

அன்றிலிருந்து ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளைக்கும் நாலு வரிப் பாராட்டு, கடைசியில் ஒரு பொட்டு. வாசிப்பு மிக நன்று, மூக்கில் விரல் விடுகிறான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, ரப்பரைத் தின்கிறாள். பூக்காரம்மாவின் பையன் திரும்பவும் குயிலானான், ஆனால் சட்டையின் கையால் மூக்கைத் துடைக்கும் குயில். தமிழ் வீடுகளில் ஒரே மகிழ்ச்சி. கும்பிடுகிற கைகள் வந்து குவிந்தன. டீச்சரின் முகத்தில் ரத்தம் ஊறியது.

நம் ஆட்கள் அதோடு விடுவார்களா? பொட்டு எப்படி இருக்க வேண்டும் என்று விண்ணப்பங்கள் வர ஆரம்பித்தன. எல்லாம் என் வழியாக. வெல்டிங்காரர், "கொஞ்சம் பெருசா வைக்கச் சொல்லுங்க சார், இது இருக்கற எடமே தெரியல" என்றார். ஒரு அம்மா, "தலையில பேன்னு போடாதீங்க, அது என்னையச் சொன்ன மாதிரி ஆவுது. சாப்புட மாட்டேங்கான்னு போடுங்க" என்றார். சாக்பீஸ் தின்கிறான் என்று இரண்டு பையன்களுக்கு ஒரே பொட்டு விழுந்ததில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது, யாருடைய பிள்ளை முதலில் தின்றான் என்று. மலையாளத்து அப்பா ஒருவர், தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் குறை எழுதிவிட்டு எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் எழுதவில்லை, இது என்ன நியாயம் என்று கேட்டார். டீச்சர் அவர்களுக்கும் எழுதினார். இதையெல்லாம் மௌனமாகப் படித்துக்கொண்டிருந்த தலைமையாசிரியை ஒரு நாள் டீச்சரைக் கூப்பிட்டு, புதுப் பிள்ளைகள் சேருகிற நேரத்தில் நம் வகுப்பு முழுக்கச் சாக்பீஸ் தின்கிறது என்று ஊருக்கே ஏன் அறிவிக்கிறீர்கள் என்று கேட்டாராம்.

என் மகளின் முறை வந்தது. தெளிவாகச் சிந்திக்கிறாள், கதை சொன்னால் வகுப்பே அடங்கிக் கேட்கும் என்று ஆரம்பித்து, குறை: அப்பாவைப் போலவே அளவுக்கு மீறிப் பேசுகிறாள் என்று முடிந்தது. இதை என் வாயாலேயே நான் குரூப்புக்குப் பேச வேண்டியிருந்தது. என் மனைவி அந்தக் குரலை எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தங்களுக்கும் அனுப்பினாள். அவள் ஆஸ்பத்திரி லேபில் நாள் முழுக்க நுண்ணோக்கியில் ரத்தம் பார்க்கிறவள். அன்று வேலை முடிந்து வந்ததும் மகளைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து உப்பும் மிளகாயும் சுற்றினாள். படித்தவள் செய்கிற காரியமா இது என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். மிளகாய் டப்பா எங்கே என்று அவளுக்குத் தெரியாததால் அதை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

பள்ளி மூடுகிற அன்று டீச்சர் வருடத்தின் கடைசிச் செய்தியைப் போட்டார். ஜூனில் இரண்டாம் வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டைவிரல் போடவும், அவ்வளவுதான். மலையாளத்து வீடுகளிலிருந்து கட்டைவிரல்கள் மளமளவென்று வந்தன. தமிழ் வீடுகளிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று என் குரல்பதிவின் நீலக்குறி காட்டியது. ஒருவர் சாமி படம் ஒன்றை அனுப்பி இரவு வணக்கம் சொன்னார். டீச்சர் எனக்குப் போன் செய்து தமிழ்ப் பிள்ளைகளின் பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாக வாசித்தார்.

நான் நேரே பூக்கடைக்குப் போனேன்.

"என்னம்மா, ஜூன்ல பையன் வர்றான்ல?"

அவர் பூத் தொடுப்பதை நிறுத்தவில்லை. "பாப்போம்ணே."

"பாப்போம்னா? அந்த டீச்சருக்கு வேலை போயிரும்மா. ஒரு புள்ள கொறஞ்சாலும் போச்சு."

"தெரியும்ணே. பாப்போம்."

கோடை விடுமுறைக்கு அவர் பிள்ளைகளோடு ஊருக்குக் கிளம்பியபோது, டீச்சர் என்னையும் இழுத்துக்கொண்டு வைட்டிலா பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். ஒரு டிராயிங் நோட்டும் கலர் பென்சிலும் பையன் கையில் கொடுத்து, முழுக்க வரைந்து ஜூனில் எனக்குக் காட்ட வேண்டும் என்றார். பையன் தலையாட்டினான். டீச்சர் அவன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாள் பஸ் படியில் காலை வைத்துக்கொண்டு, "பாப்போம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டார். திரும்பி வரும்போது, அதற்கு வருவோம் என்றுதான் அர்த்தம் என்று டீச்சரிடம் அடித்துச் சொன்னேன். எனக்கே நிச்சயமில்லை. எங்கள் வீட்டில் அப்பாவிடம் சைக்கிள் கேட்டபோது அவரும் பார்ப்போம் என்றுதான் சொன்னார், சைக்கிள் வரவே இல்லை.

ஜூன் வந்தது, மழையும் வந்தது. வெல்டிங்காரர் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் முதல் நாளே மகளைக் கொண்டுவந்து விட்டார். மற்றத் தமிழ் வீடுகளும் ஒவ்வொன்றாக வந்துசேர்ந்தன. யாருமே வருகிறேன் என்று சொல்லவில்லை, வந்து நின்றார்கள். ஆனால் மலையாளத்து வீடுகளில் கட்டைவிரல் போட்டிருந்த ஒருவர் பிள்ளையை மஞ்சள் வேனில் ஏற்றிவிட்டார். பூக்காரம்மாவைக் காணோம், போனும் போகவில்லை. ஐந்தாம் நாள் பள்ளி விட்டபோது எண்ணிக்கைக்கு இரண்டு பிள்ளைகள் குறைந்தார்கள். பூக்காரம்மா வந்தாலும் ஒன்று குறையும். டீச்சர் மேசையைத் துடைத்து வைத்துவிட்டு, தன்னுடைய தண்ணீர் பாட்டிலையும் சால்வையையும் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டார். எனக்குப் பூக்காரம்மா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

ஆறாம் நாள் மகளை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. வராந்தாவில் குடையோடு நின்றேன். டீச்சர் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு மெதுவாக யாரும் வருகை எடுத்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பிறகு வாசலைப் பார்த்தார். பூக்கார வீட்டுப் பையனின் பெயரைக் கூப்பிட்டார், பதில் இல்லை. அதைத் தாண்டிப் போகாமல் மறுபடியும் கூப்பிட்டார்.

அப்போதுதான் ஆட்டோ வந்து நின்றது. பூக்காரம்மா சொட்டச் சொட்ட இறங்கினார். கூடவே பையன், கன்னத்தில் மழையிலும் கரையாத மைப் பொட்டோடு. அவன் பின்னால் அவன் வயசிலேயே ஒரு பெண் பிள்ளை. அதற்கும் பின்னால் பூக்காரம்மாவின் சாயலில் இன்னொரு பெண்.

"டீச்சர், இவ என் தங்கச்சி. பூக்கடைக்கு ஒத்தாசையா இங்கயே இருக்கப்போறா. இது அவ மக. இதையும் உங்க கிளாஸ்லயே போட்டுக்கோங்க."

டீச்சர் வருகைப் பதிவேட்டோடு வாசலுக்கே வந்துவிட்டார். நான்தான் கத்தினேன்.

"இத்தன நாளா எங்கம்மா போனீங்க? இன்னைக்குத்தான் வரணுமா?"

"முந்தாநேத்து அஷ்டமி, நேத்து நவமி. புள்ளைய மொத மொத இந்த ஊரு பள்ளிக்கூடத்துல சேக்கறோம், நாள் பாக்க வேணாமாண்ணே?"

"வருவேன்னு ஒரு வார்த்த போன்ல சொல்லக் கூடாதா? இந்த டீச்சர் ரெண்டு மாசமா சோறு தண்ணி இல்லாம..."

"நீங்க சும்மாவா இருப்பீங்க? குரூப்புல போட்டுருவீங்க. அத்தன பேரும் பாப்பாங்க, அப்புறம் எங்க பஸ்ஸு கெளம்பும்?" என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "டீச்சர் வேல நிக்கணும்ல. அதான்ணே வாயே தொறக்கல. தங்கச்சிகிட்டகூட வைட்டிலா வந்து எறங்குனப்புறம்தான் வெவரத்தச் சொன்னேன்."

டீச்சருக்குத் தமிழ் முழுக்கப் புரியாது. இது புரிந்தது. அவர் பூக்காரம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், சிரிக்கவும் செய்தார். பையன் டிராயிங் நோட்டை நீட்டிக்கொண்டு, யாராவது வாங்க மாட்டார்களா என்று நின்றான்.  நான் குடையை மடக்கினேன்.

சாயங்காலம் டீச்சர் வகுப்பின் படத்தைக் குரூப்பில் போட்டார். பிள்ளைகள் எல்லோரும் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், ஒரு மூலையில் டீச்சர் நின்றிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். டீச்சரின் கன்னத்திலும் ஒரு மைப் பொட்டு இருந்தது. கீழே மலையாளத்தில் இரண்டே வரி. இரண்டாம் வகுப்பு சுமார்தான். டீச்சரும் சுமார்தான்.

நான் அதைத் தமிழில் பேச வேண்டும். குரலில் சந்தோஷம் தெரிந்துவிடுமோ என்று அழித்து அழித்துப் பதிந்தேன். கடைசியில் நகம் வெட்டி அனுப்பவும் என்று சொல்கிற அதே குரலில் சொல்லி அனுப்பினேன்.

அதற்கு யாரும் பதில் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து போன் அதிர்ந்தது. மார்ச் மாதம் டீச்சர் கேட்டிருந்தாரே, ஜூனில் வருகிறவர்கள் கட்டைவிரல் போடவும் என்று, அந்தப் பழைய செய்திக்குப் பூக்கடையிலிருந்து ஒரு கட்டைவிரல் வந்திருந்தது. பிறகு வெல்டிங் பட்டறையிலிருந்து ஒன்று. அதன் பின் ஒவ்வொரு தமிழ் வீடாக வந்துகொண்டே இருந்தது.